பிசாசுக்குச் சர்ட்டிபிகேட்!

'எக்ஸார்சிஸ்ட்', அதாவது 'பேயோட்டி', என்னும் அமெரிக்க சினிமாப் படத்தைப் பற்றி நமது தோழர்களில் பலர் கேள்விப்பட்டிருக்கலாம். 1973-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி, அதாவது கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு மறுநாள், அமெரிக்காவில் வெளியான அந்தப் படத்திற்கு 50 வருஷம் நிறைந்ததை ஒட்டி, 2023-ல் அதைப் புதிதாகத் துலக்கி, வீட்டில் போட்டுப் பார்க்கும் தட்டுகளில் அடைத்து விற்றார்கள். இப்போது காசுள்ளவன் எவனும் வாங்கலாம். ஆனால் இதே படத்தை இங்கிலாந்து தேசத்தில் 1988 முதல் 1999 வரையில், சுமார் 11 வருஷ காலம், வீடியோ நாடாவாக எந்தக் கடைக்காரனும் விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்று பூட்டி வைத்திருந்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது. பூட்டியவர்கள் யார், எதற்காகப் பூட்டினார்கள், பூட்டியதால் என்ன வந்தது, எதைப் பூட்டாமல் விட்டார்கள் என்பவற்றைச் சற்று யோசித்துப் பார்க்க வேண்டும் என்பதே இதை எழுதுவதன் நோக்கம்.

முதலில் படத்தின் கதை. வாஷிங்டன் நகரத்தில் ஜார்ஜ்டவுன் என்னும் பகுதியில் ஒரு சினிமா நடிகைக்கு 12 வயதுப் பெண் இருக்கிறாள். அவளைப் பிசாசு பிடிக்கிறது. டாக்டர்கள் ஊசி போடுகிறார்கள், மூளையைப் படம் பிடிக்கிறார்கள், கடைசியில் கையை விரிக்கிறார்கள். கையை விரிப்பதோடு நிற்காமல், பாதிரியைக் கூப்பிட்டுப் பேயோட்டிப் பாருங்கள் என்று யோசனை சொல்வதே அந்த டாக்டர்கள்தான்! உடனே இரண்டு பாதிரிமார் வருகிறார்கள், மந்திரம் சொல்லுகிறார்கள், தீர்த்தம் தெளிக்கிறார்கள். இருவரும் செத்துப் போகிறார்கள், பெண் பிழைத்துக்கொள்ளுகிறாள். இவ்வளவுதான் கதை. நம் ஊர்ப் பூசாரி உடுக்கையடித்து, வேப்பிலையால் விளாசி, உச்சி மயிரை ஆணியில் சுற்றிப் புளிய மரத்தில் அறைவதற்கும் இதற்கும் உடுப்பில்தான் வித்தியாசமே தவிர, சரக்கில் வித்தியாசம் ஒன்றுமில்லை. ஆயினும் இங்கே செய்தால் காட்டுமிராண்டித்தனம், அங்கே செய்தால் கலையாம்! அந்தக் கலைக்கு ஆஸ்கார் பரிசும் இரண்டு கிடைத்தது.

அந்தக் கதையை எழுதிய வில்லியம் பீட்டர் பிளாட்டி என்பவர் ஒன்றையும் ஒளித்து வைக்கவில்லை. ஜெசூட் பாதிரிமார் நடத்தும் ஜார்ஜ்டவுன் கலாசாலையில் படித்தவர் அவர். ஜனங்களுக்கு மதத்தின் மேல் நம்பிக்கை உறுதிப்பட வேண்டும் என்பது தம்முடைய எண்ணம் என்று அவரே சொல்லியிருக்கிறார். படம் எடுக்க யோசனை சொன்னவர்களிலும், படத்தில் பாதிரி வேஷம் போட்டவர்களிலும் நிஜப் பாதிரிமாரும் இருந்தார்கள். ஆகவே இது ஏதோ பயமுறுத்திக் காசு பறிக்கும் வேடிக்கைப் படம் மாத்திரம் என்று நினைப்பவர்கள் ஏமாந்தவர்களாவார்கள். டாக்டரால் ஆகாதது பாதிரியால் ஆகும் என்பதே அதன் பிரசாரம். பிசாசு உண்டு என்று ஒப்புக்கொள்ள வைத்துவிட்டால், அதை ஓட்டுகிறவனும் உண்டு, அவனுக்குத் தட்சணையும் உண்டு என்பதைத் தனியாகச் சொல்லவும் வேண்டுமா?

அந்தப் பிசாசு எப்படி உண்டாக்கப்பட்டது என்பதைத்தான் நமது தோழர்கள் நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டும். படத்தில் பிசாசு வந்ததும் அறை குளிர்ந்து, பேசுகிறவர்கள் வாயிலிருந்து புகை புகையாக மூச்சு வருகிறது அல்லவா? டைரக்டர் வில்லியம் பிரீட்கின் அந்த அறையையே பெரிய குளிர் யந்திரங்கள் வைத்துத் தண்ணீர் உறையும் நிலைக்கும் கீழே கொண்டுபோனார். பெண் கட்டிலை விட்டு அந்தரத்தில் எழும்பியது மெல்லிய கம்பிகளால். கட்டில் ஆடியது யந்திரத்தால். தலை பின்புறமாகச் சுற்றியது டிக் ஸ்மித் என்னும் வேஷக்காரர் செய்த பொம்மையின் தலை. பச்சையாக வாந்தி எடுத்தது பட்டாணிக் கஞ்சி. கிழப் பாதிரியாக வந்த மாக்ஸ் வான் சிடோவுக்கு அப்போது நாற்பது வயதுக்குச் சற்று மேலேதான். நரையும் சுருக்கமும் மேலே பூசியவை.

பிசாசின் குரல் இருக்கிறதே, அது இன்னும் ருசிகரமானது. மெர்சிடிஸ் மெக்கேம்பிரிட்ஜ் என்னும் நடிகை, பச்சை முட்டையை விழுங்கியும், சிகரெட்டை ஊதித் தள்ளியும், விஸ்கி குடித்தும் தொண்டையைக் கரகரப்பாக்கிக்கொண்டு கொடுத்த குரல் அது. அப்படிப் பாடுபட்டவளுடைய பெயரைப் படத்தில் போடாமலே விட்டுவிட்டார்கள். அந்த அம்மாள் சண்டை போட்ட பிறகே பெயர் போட்டார்கள். பிசாசுக்குக் குரல் கொடுத்தவள் மனுஷி என்று தெரிந்தால் பிசாசின் யோக்கியதை குறைந்துவிடும் அல்லவா! நம் ஊரிலும் சாமியாடுகிறவனுக்குப் பின்னால் நின்று குறி சொல்லிக் கொடுக்கிறவனுடைய பெயர் வெளியே வருவதில்லை.

இந்தப் படம் எடுக்கையில் யாருக்காவது மெய்யான உபத்திரவம் உண்டாயிற்று என்றால், அது தாய் வேஷம் போட்ட எல்லன் பர்ஸ்டின் அம்மாளுக்குத்தான். பிசாசு அறைந்து தள்ளுவதாக ஒரு கட்டம். இடுப்பில் கட்டிய கயிற்றை மனிதர்கள் பலமாக இழுத்ததில் அந்த அம்மாள் விழுந்து முதுகில் அடிபட்டது. வலி தாங்காமல் போட்ட அந்தக் கூச்சலையே படத்தில் வைத்துக்கொண்டார்கள். இதற்குப் பிறகும், படமெடுத்த கூடத்தில் ஒரு தடவை தீப்பிடித்ததைக் காட்டி, "பார்த்தீர்களா, பிசாசின் சாபம்!" என்று விளம்பரம் செய்தவர்களும் இருந்தார்கள். மூட்டைப் பணம் சம்பாதித்துக் கொடுத்த பிசாசு எதற்காகச் சாபம் போட்டது என்று ஒருவனும் கேட்கவில்லை.

நிற்க, இது உண்மையாக நடந்த சங்கதி என்று ஒரு பேச்சு இன்னும் உலாவுகிறது. அந்த உண்மை என்ன? 1949-ம் வருஷத்தில் மேரிலாந்து மாகாணத்துப் பையன் ஒருவன், 14 வயதுடையவன், ஏதேதோ சேஷ்டை செய்தான். உறவினர் அவனைச் செயிண்ட் லூயி நகரத்துக்குக் கொண்டுபோய், ஜெசூட் பாதிரிமாரைக் கொண்டு பேயோட்டினார்கள். ஆகஸ்டு மாதம் 20-ந் தேதி 'வாஷிங்டன் போஸ்ட்' பத்திரிகையில் அந்தச் செய்தி வந்தது. மாணவராயிருந்த பிளாட்டி அதைக் கேள்விப்பட்டு, 22 வருஷம் கழித்து 1971-ல் நாவலாக எழுதினார். பாதிரிமார் எழுதி வைத்த டைரியில்கூடத் தலை ஒரு சுற்றுச் சுற்றியதாகச் சொல்லப்படவில்லை. பிற்பாடு 1999-ல் ஓர் அமெரிக்க ஆராய்ச்சிக்காரர் அந்தப் பையனோடு விளையாடியவர்களையும் அக்கம்பக்கத்தாரையும் தேடிப் பிடித்து விசாரித்தார். பையன் குறும்புக்காரன், பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடப் பார்ப்பவன், அதிசயம் ஒன்றும் இல்லை என்ற முடிவுக்குத்தான் அவர் வந்தார்.

இதில் ஒரு விஷயத்தை யாரும் பெரிதாகக் கவனிப்பதில்லை. சங்கதியில் இருந்தது பையன்; கதையில் வந்தது பெண். ஏன் இந்த மாற்றம்? ஆளை அடையாளம் தெரியாமல் மறைப்பதற்கு என்று சமாதானம் சொல்லலாம். ஊரை மாற்றலாம், பெயரை மாற்றலாம், மாகாணத்தை மாற்றலாம். பெண்ணாகத்தான் மாற்ற வேண்டுமா? பிசாசு பிடிப்பதென்றால் பெண்ணைப் பிடித்தால்தான் ஜனங்களுக்கு ருசிக்கும் என்பது எந்த நாட்டுப் பூசாரிக்கும் தெரிந்த தொழில் ரகசியம். வயது வரப்போகும் பெண், தகப்பன் பிரிந்து போன வீடு, தாயோ தன் சம்பாத்தியத்தில் தனியாக வாழ்கிற நடிகை, கோவிலுக்குப் போகாதவள். அந்த வீட்டிலே பிசாசு நுழையாமல் வேறு எங்கே நுழையும் என்று பார்க்கிறவன் மனத்தில் படும்படி கதை கட்டப்பட்டிருக்கிறது. ஆண் துணையில்லாத வீட்டுக்குக் கடைசியில் வந்து சேருகிற ஆண்கள் இரண்டு பாதிரிமார்!

இப்போது சென்சார் போர்டாரிடம் வருவோம். 1974-ல் இங்கிலாந்தில் அந்தப் படம் கொட்டகைகளில் வெட்டில்லாமல் 'எக்ஸ்' சர்ட்டிபிகேட்டுடன் ஓடிற்று. மதப்பற்றுள்ள கூட்டத்தார் கொட்டகை வாசலில் நின்று துண்டுப் பிரசுரம் கொடுத்தார்கள். சில ஊர் முனிசிபாலிட்டிகள் தங்கள் எல்லையில் ஓடக்கூடாது என்று தடுத்தன. தடுத்த ஊர்களிலிருந்து பக்கத்து ஊருக்குப் பஸ் விட்டுச் சம்பாதித்தவர்களும் உண்டு. பிறகு 1981-ல் வீடியோ நாடாவாக வந்து வீட்டுக்கு வீடு பார்த்தார்கள். 1984-ல் வீடியோ நாடாக்களுக்கென்று ஒரு சட்டம் செய்தார்கள். அதன்படி ஒவ்வொரு நாடாவும் வீட்டில் பார்க்கத் தகுந்ததா என்று கவனித்துப் போர்டார் சர்ட்டிபிகேட் கொடுக்க வேண்டும். இந்தப் படத்துக்குக் கொடுக்கவில்லை. ஆகவே 1988 முதல் கடைகளிலிருந்து மறைந்தது. கொட்டகையில் போட்டுக் காட்டுவதற்கோ தடையில்லை! ஐந்நூறு பேர் கூடிப் பார்த்தால் குற்றமில்லை, ஒருவன் தன் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் ஆபத்து என்பது அவர்கள் கண்ட நியாயம்.

போர்டின் டைரக்டராயிருந்த ஜேம்ஸ் பெர்மன் சொன்ன முக்கிய காரணம் என்ன தெரியுமா? இளம் பெண்கள் இதைப் பார்த்து மனம் பேதலித்துப் போவார்கள் என்பது. வயது வந்த ஆண் பார்க்கலாம், அவன் மூளை கெடாது. பெண் குழந்தைதான் பிசாசை நம்பிவிடுவாளாம். பிசாசு பிடிப்பதற்குப் பெண்ணைத் தேடினான் கதை எழுதினவன். பிசாசுக்குப் பயப்படுவதற்குப் பெண்ணைத் தேடினார் சென்சார்காரர். ஒருவர் மத பக்தர், மற்றவர் சென்சார் போர்டின் காரியத்தர். பெண்ணுக்குப் புத்தி மட்டு என்கிற விஷயத்தில் மாத்திரம் இரண்டு பேருக்கும் அபிப்பிராய பேதமில்லை.

நாம் கேட்கிறோம், அந்த இளம் பெண்ணுக்குப் பிசாசைப் பற்றி முதலில் சொன்னது யார்? வீடியோ நாடாவா? ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிக்கூடத்தில் சாத்தான் உண்டு என்று சொல்லிக் கொடுத்தது யார்? ஞானஸ்நானத்தில் பச்சைக் குழந்தையின் பேராலே சாத்தானை விட்டு விலகுகிறேன் என்று சொல்ல வைப்பது யார்? அதையெல்லாம் வீட்டில் சொல்லத் தகுந்ததா என்று பார்ப்பதற்கு ஒரு போர்டும் இல்லை. பிசாசை நம்பவேண்டும், ஆனால் பார்க்கக்கூடாது என்பதுதானே இதன் தாத்பரியம்?

ஜெர்மனி தேசத்துக் கதையைக் கேளுங்கள். பவேரியாவில் கிளிங்கன்பெர்க் என்னும் ஊர், ஒரு கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண், கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவள். 1968-ல், அவளுக்கு 16 வயதாயிருக்கையில், முதல் முதலாக வலிப்பு வந்தது. காக்காய் வலிப்பு என்று டாக்டர்கள் கண்டு மருந்து கொடுத்தார்கள். பிறகு மனமும் கெட்டது, காதில் குரல்கள் கேட்டன. வீட்டாரும் அவளும் பிசாசு என்று நம்பினார்கள். வூர்ஸ்பர்க் நகரத்துப் பிஷப் உத்தரவு கொடுக்க, 1975 செப்டம்பர் முதல் இரண்டு பாதிரிமார் 1614-ம் வருஷத்துப் புத்தகத்தை வைத்துக்கொண்டு பேயோட்டினார்கள். ஒரு தடவையல்ல, இரண்டு தடவையல்ல, 67 தடவை! பத்து மாதம் வாராவாரம் நடந்தது. வைத்தியத்தை நிறுத்தினார்கள். பெண் சாப்பாட்டையும் நிறுத்தினாள். 1976 ஜூலை 1-ந் தேதி, 23-ம் வயதில், சுமார் 30 கிலோ எடையுள்ள எலும்புக் கூடாகச் செத்துப் போனாள். பிரேதத்தை அறுத்துப் பார்த்ததில், சாப்பாடும் தண்ணீரும் இல்லாததால் வந்த சாவு என்று தெரிந்தது. பிசாசு அகப்படவில்லை.

1978-ல் அஷாபென்பர்க் கோர்ட்டில் விசாரணை நடந்தது. பேயோட்டியபோது அந்தப் பெண் போட்ட கூச்சலைப் பாதிரிமார் நாடாக்களில் பதிவு செய்து வைத்திருந்தார்கள். அந்த நாடாக்களைத்தான், பிசாசு உண்டு என்பதற்குச் சாட்சியமாக, எதிரிகளின் தரப்பில் கோர்ட்டில் போட்டுக் காட்டினார்கள்! பெற்றோரும் பாதிரிமாரும் கவலைக்குறைவால் சாவு உண்டாக்கினார்கள் என்று தீர்ப்பாயிற்று. தண்டனை ஆறு மாதம். அதையும் அனுபவிக்க வேண்டியதில்லை என்று நிறுத்தி வைத்துவிட்டார்கள். உத்தரவு கொடுத்த பிஷப் கூண்டில் ஏறவேயில்லை.

சினிமாதான் இதற்குக் காரணம் என்று நாம் சொல்ல வரவில்லை. படம் வருவதற்கு ஐந்து வருஷத்துக்கு முன்னமே அவளுக்கு வியாதி வந்துவிட்டது. அவளைக் கொன்ற புத்தகம் படத்துக்கு 359 வருஷம் மூத்தது. அதே புத்தகத்தில், வியாதியை அவசரப்பட்டுப் பிசாசு என்று நம்பிவிடாதே என்று எச்சரிக்கை எழுதியிருக்கிறது என்று பாதிரிமார் பெருமையாக எடுத்துக் காட்டுவார்கள். அந்த எச்சரிக்கை 67 தடவையில் ஒரு தடவைகூடக் கண்ணில் படவில்லையே, அதற்கு என்ன சமாதானம்? இது நடந்ததும் வீட்டில்தான். படம் வீட்டில் பார்க்கத் தகுந்ததா என்று கேட்கச் சட்டம் செய்த உலகத்தில், மந்திரம் வீட்டில் ஓதத் தகுந்ததா என்று கேட்கச் சட்டமில்லை.

இங்கிலாந்திலேயே, படம் வெளியான அதே 1974-ம் வருஷம் அக்டோபரில், யார்க்ஷயர் பகுதியில் ஒருவனுக்கு மாதா கோவிலில் விடிய விடியப் பேயோட்டினார்கள். பல பிசாசுகளை ஓட்டியாயிற்று, சில பாக்கி என்று சொல்லி விடியற்காலையில் வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டுக்குப் போனவன் தன் மனைவியைக் கொன்றுபோட்டான். கோர்ட்டு அவனைப் பைத்தியம் என்று முடிவு செய்தது. பைத்தியக்காரனுக்கு இராத்திரி முழுவதும் பிசாசைப் பற்றிப் பாடம் சொன்னவர்களை என்னவென்று முடிவு செய்வது? அதற்குப் பிறகுதான் ஆங்கிலத் திருச்சபையார், இனிமேல் டாக்டர்களையும் கலந்துகொண்டு பேயோட்ட வேண்டும் என்று விதி செய்தார்கள். ஓட்டுவதை நிறுத்தவேண்டும் என்று தோன்றவில்லை.

இனி, நாடாவைப் பூட்டிய அந்த 11 வருஷத்தில் பிசாசு இங்கிலாந்தை விட்டுப் போயிற்றா என்று பார்ப்போம். அந்தக் காலத்தில்தான் சாத்தானைப் பூஜிக்கும் இரகசியக் கூட்டங்கள் குழந்தைகளைக் கெடுக்கின்றன என்ற பீதி ஊரெல்லாம் பரவிற்று. 1990-ல் ராச்டேல் நகரத்திலும், 1991 பிப்ரவரியில் ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி தீவிலும், சர்க்கார் சிப்பந்திகளே வீடு புகுந்து குழந்தைகளைக் கொண்டுபோனார்கள். ஆர்க்னியில் விடியற்காலையில் படுக்கையிலிருந்து கொண்டுபோன 9 குழந்தைகளை ஏப்ரலில்தான் பெற்றோர் திரும்பக் கண்டார்கள். பிறகு சர்க்காரே ஏற்பாடு செய்து, ஜீன் லா பான்டெயின் என்னும் பேராசிரியை 84 வழக்குகளைச் சோதித்து, 1994-ல் அறிக்கை கொடுத்தார். சாத்தான் பூஜைக்குச் சாட்சியம் ஒன்றிலும் இல்லை! இந்தச் சிப்பந்திகள் படிப்பறியாத பாமரரல்லர், வீடியோ பார்த்து மனம் பேதலித்த சிறு பெண்களுமல்லர். பட்டம் பெற்று, சம்பளம் வாங்கி, கோப்பில் கையெழுத்துப் போட்டவர்கள். நாடாவை ஒளித்துவிட்டால் நம்பிக்கை ஒளிந்துவிடும் என்ற வாதத்தின் கதி இதுதான்.

1999-ம் வருஷம் வந்தது. பெர்மன் ஓய்வு பெற்றார். பிப்ரவரி மாதத்தில் போர்டார் ஒரு துண்டும் வெட்டாமல் 18 வயதுச் சர்ட்டிபிகேட் கொடுத்து நாடாவை விடுதலை செய்தார்கள். பெண்களின் மூளை அந்த ஒரு மாதத்தில் பலப்பட்டுவிட்டது போலும்! அதற்கு முந்தின மாதம், ஜனவரியில், ரோமாபுரியில் வேறொரு வெளியீடு நடந்தது. 1614-க்குப் பிறகு முதல் முதலாகப் பேயோட்டும் புத்தகத்தைத் திருத்திப் புதிதாக வெளியிட்டார்கள். அதற்கு எந்தப் போர்டும் வயதுக் கட்டுப் போடவில்லை. 2014-ல் பேயோட்டும் பாதிரிமாரின் சர்வதேச சங்கத்துக்கே போப்பின் சர்க்கார் அங்கீகாரமும் கொடுத்தது.

சட்டத்தின் கதையும் ஒரு பேய்க் கதைதான். 1984-ம் வருஷத்துச் சட்டத்தை ஐரோப்பியக் கமிஷனுக்கு முறைப்படி அறிவிக்க மறந்துவிட்டார்கள் என்றும், ஆகவே அதை அமல் நடத்தவே அதிகாரமில்லை என்றும் 2009-ல் தெரியவந்தது! 2010 ஜனவரியில் அவசரம் அவசரமாக மறுபடியும் நிறைவேற்றினார்கள். ஆக 25 வருஷ காலம் உயிரில்லாத ஒரு சட்டம் கடைக்காரர்களைப் பிடித்து ஆட்டியிருக்கிறது.

டைரக்டர் பிரீட்கின் 2016-ல் இத்தாலிக்குப் போய், பேயோட்டுவதில் உலகப் புகழ்பெற்ற அமோர்த் பாதிரியார் ஒரு பெண்ணுக்குப் பேயோட்டுவதைத் தம் கையாலேயே படம் பிடித்தார். 2017-ல் அது வெளிவந்தது. குளிர் யந்திரமும் கம்பியும் பொம்மையும் இல்லாத அந்தப் படத்தில் என்ன இருக்கிறது? ஒரு பெண் கத்துகிறாள், திமிறுகிறாள், சுற்றியிருப்பவர்கள் பிடித்துக்கொள்கிறார்கள். தலை சுற்றவில்லை, ஒருவரும் அந்தரத்தில் எழும்பவில்லை. நமது கிராமங்களில் வெள்ளிக்கிழமை தோறும் பார்ப்பதற்கு மேல் ஒன்றுமில்லை.

இது வெள்ளைக்காரன் விவகாரம், நமக்கென்ன என்று சிலர் நினைக்கலாம். 2001 ஆகஸ்டு 6-ந் தேதி ராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில், வழிபாட்டினால் குணமாகும் என்று கொண்டுவந்து விடப்பட்டு, விடுதியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டார்கள். மதம் வேறு, மந்திரம் வேறு. டாக்டரிடம் போகவேண்டியவரை வேறு இடத்துக்குக் கொண்டுபோனது ஒன்றுதான்.

படத்தைத் தடுக்க வேண்டும் என்பது நமது கட்சியல்ல. அந்தத் தட்டு எந்த ஊரில் தோழர்கள் கையில் கிடைத்தாலும், தாராளமாக நாலு பேரைக் கூட்டி வைத்துப் போட்டுக் காட்டட்டும். ஆனால் போடுவதற்கு முன்னால், குளிர் யந்திரத்தையும் கம்பியையும் பட்டாணிக் கஞ்சியையும் பச்சை முட்டை விழுங்கிய நடிகையையும் பற்றிச் சொல்லிவிட்டுப் போடவேண்டும். படம் முடிந்த பிறகு, விளக்கைப் போட்டுவிட்டு, கிளிங்கன்பெர்க் பெண்ணின் கதையைச் சொல்லவேண்டும். பெண்களையும் அவசியம் கூப்பிட வேண்டும். அவர்களை முன் வரிசையிலேயே உட்கார வைக்கலாம். சிறு பிள்ளைகளை மட்டும் உள்ளே விடவேண்டாம். போர்டார் செய்த காரியங்களில் அந்த 18 வயதுக் கட்டு ஒன்றுதான் நமக்கு நியாயமாகப் படுகிறது.